கேட்காத மன்னிப்பு

மணிவேல் அண்ணன் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்கிருந்த முதல் எரிச்சலே அதுதான். சிமெண்ட் லாரி நேரத்துக்கு வராவிட்டால் டிரைவரைத் 'தங்கம்' என்பார். கம்பி கட்டுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டால், மறுநாள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிற மேஸ்திரி இப்படிக் குழைந்தால் எப்படி வேலை வாங்குவது என்று ஒருநாள் கேட்டே விட்டேன். இந்தத் தொழிலில் சிமெண்ட் கம்மியானால் கூடச் சமாளித்துவிடலாம், பேச்சு கம்மியானால் முடியாது என்று சொல்லிச் சிரித்தார்.

என் வாய் அப்படி இல்லை. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு அவரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்ததிலிருந்து நான் சண்டை போடாத ஆள் திருவண்ணாமலையில் கம்மி. மணலில் ஏமாற்றுகிறவனோடு, பலகையில் ஆணியை நீட்டிக்கொண்டு விடுகிறவனோடு, 'பொம்பளைப் புள்ளைக்கு இன்னா தெரியும்' என்கிறவனோடு. நான் சண்டை போட்டுவிட்டு வந்த இடத்துக்கெல்லாம் பின்னாலேயே மணிவேல் அண்ணன் போய், சின்னப் பெண், மனசில் ஒன்றும் கிடையாது என்று சமாதானம் பேசிவிட்டு வருவார். என் மனசில் நிறைய இருந்தது. அதை அவர் கேட்டதில்லை.

மரியாதையில் அவரையும் மிஞ்சியவர் சகாதேவன் சார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் ஹெச்.ஆர். அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். சொந்த ஊருக்கே திரும்பி வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். வெளிநாட்டுக்காரர்கள், வடநாட்டுக்காரர்கள் என்று எப்போதும் ரூம் நிரம்பியிருக்கும். பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் இன்னொரு கட்டடம் எழுப்ப எங்களைக் கூப்பிட்டார். இந்த வேலை நன்றாக வந்தால், வேங்கிக்காலில் அவர் மகனுக்குக் கட்டப்போகிற வீடும் எங்களுக்கே என்று சொல்லியிருந்தார். மணிவேல் அண்ணன் அந்த வீட்டுக்கு மனசுக்குள் பால் காய்ச்சியே முடித்துவிட்டார்.

வேலை ஆரம்பித்த அன்று சகாதேவன் சார் எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்தார். வேலை செய்கிறவர்களை அதட்டக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், சாப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும், முடித்தால் நன்றி சொல்ல வேண்டும். கம்பெனியில் ஒரு தடவைகூட ஸ்டிரைக் வர விட்டதில்லையாம். சொன்னபடியே நடக்கவும் செய்தார். மண் சுமக்கிற சித்தாள்களைக்கூட "வாங்கம்மா" என்பார். வாட்ச்மேன் மூர்த்தியிடம் ஒரு வேலை சொன்னால் முன்னாலோ பின்னாலோ ஒரு 'ப்ளீஸ்' இருக்கும். இந்த ஊரில் இப்படி ஒரு மனுஷனா என்று நானே வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன்.

தளம் போடுகிற நாள் வந்தது. எங்கள் பக்கம் அது ஒரு விசேஷம் மாதிரி. காலையில் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, கலவை மிஷினுக்குப் பொட்டு வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். சாயந்திரம் தளம் முடிந்ததும் வீட்டுக்காரர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், துணி வைத்து, கலவை போட்ட செட்டின் தலைவருக்குக் கையில் கொடுப்பார். அந்தத் தட்டை வாங்காமல் யாரும் சைட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். கூலி தனி, அது தனி. கூலிக்கு வந்தவர்கள் அந்த ஒரு நிமிஷம் மட்டும் அந்த வீட்டுக்கு வேண்டியவர்கள் ஆகிறார்கள்.

எங்களுக்குத் தளம் போடுவது எப்போதும் எல்லம்மாக்காவின் செட்டுதான். தண்டராம்பட்டு ரோட்டில் ஒரு ஊரின் காலனியிலிருந்து வருவார்கள். மிஷின் எல்லம்மாக்காவுடைய சொந்த மிஷின். புருஷன் போனபிறகு அதை விற்கச் சொன்னவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, தானே ஆள் சேர்த்து நடத்துகிறார். என் அம்மாவைவிட வயது ஜாஸ்தி. மிஷின் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினால் ஜல்லி விழும், இறக்கினால் நிற்கும். மணிவேல் அண்ணன் அவரை வாய் நிறைய 'அக்கா, அக்கா' என்பார். ஒப்புக்கொண்டிருந்த வேறு ஒரு வேலையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அவர் அன்றைக்கு எங்களுக்காக வந்திருந்தார்.

வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதித் தளம் விழுந்திருக்கும். அப்போது மணல் ஏற்றி வந்த டிராக்டர் ரிவர்ஸ் எடுத்ததில், செட்டுக்காரர்கள் கொண்டுவந்திருந்த குடிதண்ணீர்க் கேன் கவிழ்ந்து அத்தனையும் மண்ணில் போய்விட்டது. சைட்டில் டிரம்மில் இருந்தது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. எல்லம்மாக்கா ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் முன்பக்கம் வந்தார். நான் ரிசப்ஷனில் நின்று, எத்தனை மணிக்கு முடியும் என்று சகாதேவன் சார் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே குழாய் வைத்த ஸ்டாண்டில் குடிதண்ணீர்க் கேன் ஒன்று எப்போதும் இருக்கும்.

எல்லம்மாக்கா வாசலிலேயே நின்று, கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சகாதேவன் சார் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இதுல கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு. தாராளமா புடிச்சிக்கோங்க. நம்ம வீடு மாதிரி நெனச்சிக்கோங்க."

அவர் பிடித்துக்கொண்டு போனார். சகாதேவன் சார் சிரித்த முகம் மாறாமல் மூர்த்தியைக் கூப்பிட்டு, அந்தக் கேனை எடுத்துவிட்டு வேறு போட்டுவிடுங்கள், குழாயையும் ஒருமுறை கழுவிவிடுங்கள், ப்ளீஸ் என்றார்.

பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறதே சார் என்றேன். கெஸ்ட்டுகள் குடிப்பது, ஹைஜீன் பார்க்க வேண்டும் என்றார். காலையிலிருந்து நானும் அதில்தான் பிடித்துக் குடிக்கிறேன், அப்போது ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை.

"நீங்க நம்ம வீட்டுப் பொண்ணும்மா," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லம்மாக்காவிடம் சொன்ன 'நம்ம வீடு' வேறு, என்னிடம் சொன்ன 'நம்ம வீடு' வேறு. நானும் அவரும் மணிவேல் அண்ணனும் ஒரே வகையறா. அதை அவர் இத்தனை நாளில் ஒருமுறையும் வாய் விட்டுச் சொன்னதில்லை, நாகரிகம் தெரிந்தவர். பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே சத்தம் கேட்டது. பாட்டில் மூடியை மறந்துவிட்டுப் போன எல்லம்மாக்கா அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். பக்கவாட்டில் குரோட்டன்ஸ் செடிகளுக்கு மூர்த்தி அந்தக் கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

அவர் மூர்த்தியைத் திட்டவில்லை. கேனை அவன் கையிலிருந்து வாங்கினார். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக சைட்டுக்குப் போய், மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு மிஷினை நிறுத்தினார். மேலே மட்டப்பலகை பிடித்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜல்லிச் சட்டி தூக்கிய பெண்கள் சட்டியை இறக்கி வைத்தார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மணிவேல் அண்ணன் ஓடி வந்தார். எல்லம்மாக்கா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் கடைக்குப் போயிருப்பேன் மேஸ்திரி. சிரிச்சிகினே குடுத்துட்டு, நான் திரும்பறதுக்குள்ள செடிக்கு ஊத்தறாரு. அவர் இங்க வரணும். இந்தக் கேன்ல மிச்சம் இருக்கற தண்ணிய எம்முன்னால ஒரு டம்ளர் குடிக்கணும். அப்புறம் மிஷின் ஓடும்."

கேட்டது அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீர்.

மணிவேல் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பாதியில் நிற்கிற தளத்தைக் கொஞ்ச நேரம் விட்டால் போட்டது இறுகிவிடும். அப்புறம் போடுகிற கலவை அதோடு ஒட்டாது, அந்த இடத்தில் காலத்துக்கும் மழைத் தண்ணீர் இறங்கும். தளம் போனால் வேங்கிக்கால் வீடும் போச்சு. என்னை மேலே போய் ஓரத்தில் ஈரச் சாக்குப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, எல்லம்மாக்காவிடம் கையைக் கூப்பினார். தானே போய்ப் பேசி வருவதாகச் சொல்லி, அந்தக் கேனையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் மேலே சாக்கு விரித்துக்கொண்டே கீழே பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வெளியே வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது. சார் குடித்துவிட்டார் என்றார். ரொம்ப வருத்தப்பட்டாராம். எல்லார் முன்னாலும் வந்து சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறதாம், கெஸ்ட்டுகள் வேறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம். சாயந்திரம் தட்டு கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் தன் வாயாலேயே மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லிவிட்டாராம்.

"நான் பாக்கலியே," என்றார் எல்லம்மாக்கா.

"எம்மேல நம்பிக்க இல்லியாக்கா? எத்தன தளம் போட்டிருக்கோம் நாம சேர்ந்து. சாயந்திரம் அவரே சொல்லலன்னா என்ன ஏன்னு கேளுங்க."

எல்லம்மாக்கா அவரையே பார்த்தபடி நின்றார். பிறகு மிஷினைப் போட்டார். சாயந்திரம் எல்லார் முன்னாலும் என்ற வார்த்தைக்காகத்தான் போட்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேலே ஏறி வந்த மணிவேல் அண்ணனை மடக்கி, நிஜமாகவே குடித்தாரா, மலையைப் பார்த்து ஒரு சத்தியம் பண்ணுங்கள் என்றேன். சத்தியத்துக்கெல்லாம் இப்போது நேரமா, வைப்ரேட்டர் ஆளைப் பார் என்று நகர்ந்துவிட்டார். மற்ற நாளில் பேருந்து கிடைக்காததற்குக்கூட அண்ணாமலையான் பேரை இழுக்கிற மனுஷன். சரி, சாயந்திரம் தெரிந்துவிடப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் வாயைத் திறந்தால் தளம் நாசமாகும், கெட்ட பேர் எல்லம்மாக்கா செட்டுக்குத்தான் வரும்.

வெயில் இறங்கும்போது தளம் முடிந்தது. அருமையான தளம், ஒரு இடத்தில்கூட மேடு பள்ளம் இல்லை. செட்டுக்காரர்கள் கைகால் கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றார்கள். எல்லம்மாக்கா வேறு புடவை மாற்றி, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். மன்னிப்பை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வராந்தாவில் நின்றார்கள், ஒரு அம்மா செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சகாதேவன் சார் பட்டு வேட்டியில் வந்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். உழைக்கிறவர்களை மதிக்காத வீடு விளங்காது என்று ஒரு வார்த்தை சொன்னார். தட்டை இரண்டு கையாலும் எடுத்து எல்லம்மாக்கா முன்னால் நீட்டினார்.

"காலையில நடந்தத நான் மனசுல வச்சிக்கலம்மா. தெரியாம உள்ள வந்துட்டேன், மன்னிச்சிக்கச் சொல்லுங்கனு நீங்க அழுதீங்கனு மணிவேல் சொன்னாரு. எனக்கே கஷ்டமா போச்சு. வாங்கிக்கோங்க."

தட்டை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது. எல்லம்மாக்கா கையைக் கீழே போட்டுவிட்டு மணிவேல் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"யாரு மேஸ்திரி அழுதது?"

அவர் சிரிக்கப் பார்த்தார். ஒரு டீ சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசலாம் அக்கா என்றார். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள், ஊர்ப் பேர் கெட்டுப்போகும் என்றார். எல்லம்மாக்கா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் கேக்காத மன்னிப்ப எம்பேர்ல குடுத்துட்டு வந்திருக்க. போ. போய் திருப்பி வாங்கிட்டு வா."

இதில் சுற்றிப் பேச இடமில்லை. மணிவேல் அண்ணன் சகாதேவன் சார் பக்கம் திரும்பினார். அந்தம்மா அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை, வேலை நின்றுவிடக் கூடாதே என்று தானே இட்டுக்கட்டிச் சொன்னது என்று இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தார். எனக்குத் தெரிந்து அவர் கலப்படம் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அப்போதும் அந்தத் தண்ணீரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேனோடு உள்ளே போனபோதும் அதைக் குடிக்கச் சொல்லி அவர் சாரிடம் கேட்டிருக்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

சகாதேவன் சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"அதனால என்ன மணிவேல், பரவாயில்ல. இப்ப கேட்டுடச் சொல்லுங்க. ஒரு வார்த்ததானே."

செட்டு ஆட்கள் நடுவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவன் முன்னால் வந்தான், எல்லம்மாக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அப்போது மணிவேல் அண்ணன் செய்த காரியத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எல்லம்மாக்கா காலில் விழுந்தார். எங்கள் வகையறா ஆள் ஒருத்தர் காலனி அம்மா காலில், நடுவாசலில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் விழுந்தார். விழுந்துகொண்டே, ஒரே ஒரு சாரி சொல்லிவிடுங்கள் அக்கா, என் பொழைப்பு இதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினார்.

எல்லம்மாக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"எழுந்திரு மேஸ்திரி. எங்கால்ல விழ முடியுது உன்னால. அவரப் பாத்து ஒரு டம்ளர் தண்ணி குடிங்கனு சொல்ல முடியல."

அவ்வளவுதான். தட்டைத் தொடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு போய் மிஷினை வண்டியில் மாட்டினார். போகிற வழியில் என்னைப் பார்த்தார். வண்டி சந்தைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்புகிற வரை மணிவேல் அண்ணன் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

சகாதேவன் சார் தட்டை மூர்த்தியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். பாவம், படிப்பில்லாதவர்கள், சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்றார். நீங்கள் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறீர்கள், உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் குடிச்சா கேன மாத்த மாட்டீங்க. அதான் சார் எனக்கு வேணாம். உங்க வாய்ல இருந்து வர்ற 'ங்க'வுக்கும் 'ப்ளீஸு'க்கும் எங்க அப்பன் திட்டற கெட்ட வார்த்த எவ்வளவோ மேல்."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கோபத்தில் இருக்கிறீர்கள், நாளைக்குப் பேசலாம் என்று உள்ளே போய்விட்டார். அந்த மனுஷனை அறைந்தால்கூட அறைந்த கைக்கு நன்றி சொல்லியிருப்பார் போல.

மணிவேல் அண்ணனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. எல்லம்மாக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியவரிடம் இப்படியா பேசுவது, உள்ளே போய் ஒரு சாரி சொல்லிவிட்டு வா என்று என்னைத் தள்ளினார். வேங்கிக்கால் வீட்டை நினைத்துப் பார் என்றார். முடியவே முடியாது என்று வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி இவரிடம் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டே இரவு படுத்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. சகாதேவன் சார்.

"வினோதினி, ராத்திரியே மணிவேல் வந்து எல்லாம் சொன்னாரும்மா. வாய் தவறிப் பேசிட்டேன்னு ரொம்ப அழுதீங்களாமே. நேர்ல வந்து கேக்க வெக்கமா இருக்குனு சொன்னீங்களாம். அதெல்லாம் நான் மனசுல வச்சிக்கல. நீங்க எப்பவும் போல வேலைக்கு வாங்க."

நான் அழவில்லை என்று சொன்னேன். பரவாயில்லம்மா, பரவாயில்லை என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

என் அழுகையை, என் மன்னிப்பை, நான் இல்லாத இடத்தில் இரண்டு பேர் கொடுத்து வாங்கி முடித்திருக்கிறார்கள். இனி நான் அந்த வாசலில் கால் வைத்தால் மன்னிக்கப்பட்டவளாகத்தான் வைக்க வேண்டும். எல்லம்மாக்கா அந்தத் தட்டுக்கு முன்னால் ஏன் அப்படி நின்றார் என்று நேற்று எனக்குப் புரிந்ததாக நினைத்திருந்தேன். நேற்று ஒன்றும் புரியவில்லை. வயிறு எரிந்தால்தான் புரிகிறது.

மணிவேல் அண்ணனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கத் தோன்றவில்லை. அவர் மறுபடியும் போய், மறுபடியும் எதையாவது என் பேரில் சொல்லிவிட்டு வருவார். நேராக செங்கம் ரோட்டுக்கு வண்டியை விட்டேன்.

ரிசப்ஷனுக்குப் பக்கத்துக் கூடத்தில் கெஸ்ட்டுகள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சகாதேவன் சார் ஒவ்வொரு மேஜையாகப் போய் விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

"நான் அழல சார். மன்னிப்பும் கேக்கல. எல்லம்மாக்காவும் கேக்கல. மேஸ்திரி சொன்னது ரெண்டும் பொய்."

"உக்காருங்கம்மா, டிஃபன் சாப்பிட்டுப் பேசலாம்."

"உக்கார வரல. கேக்க வேண்டியது நீங்க. அவங்க ஊருக்குப் போயி, அவங்க வீட்டு வாசல்ல நின்னு கேக்கணும். அவங்க குடுக்கற தண்ணிய வாங்கிக் குடிக்கணும். வாங்க, நான் வழி காட்டறேன்."

நான் மெதுவாகப் பேசவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு சென்னைக் குடும்பம் வாயில் வைத்த இட்லியோடு அப்படியே இருந்தது. சகாதேவன் சார் அவர்களைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினார். சிரிப்பு முகத்தில் இல்லை.

"வெளிய போடி."

அந்த வீட்டில் இத்தனை மாசமாக நான் கேட்ட பேச்சில் கலப்படம் இல்லாதது அந்த ஒரு வார்த்தைதான். வேலை போய்விட்டது என்பது தெரிந்தது. ஆனாலும் லேசான மனசோடுதான் வெளியே வந்தேன்.